புதுப்பிப்பு: மெமரி கார்டு ரீடர் இப்போது வேலை செய்கிறது

லினக்ஸ் லேப்டாப்பில் கார்டைச் செருகிவிட்டு பூட் செய்தால் தெரிகிறது, பிறகு செருகினால் தெரிவதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது! கார்டிலும் டிரைவரிலும் குறையில்லை.

யூஎஸ்பி பட்டியலில் ரீடர் எப்போதும் இருந்தது. ஆனால் கார்டைச் செருகும்போது கர்னல் பதிவில் (லினக்ஸின் மையப்பகுதி, சாதனங்களில் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு) ஒரு வரிகூட வரவில்லை. அதுதான் துப்பு. பேட்டரியைச் சேமிக்க நான் போட்டிருந்த டிஎல்பி (TLP) என்ற நிரல், சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனங்களைத் தூங்க வைக்கும். தூங்கிய ரீடர் கார்டு வந்ததைக் கவனிக்கவே இல்லை.

முதலில் ரீடரின் பவர் கன்ட்ரோல் கோப்பில் (அது தானாகத் தூங்கலாமா என்பதை முடிவு செய்யும் கோப்பு) 'ஆட்டோ' என்பதை 'ஆன்' என மாற்றிப் பார்த்தேன். உடனே கார்டு வந்தது. ஆனால் ரீபூட் செய்தால் அந்த மாற்றம் நிலைக்காது. அப்புறம் ரீடரின் ஐடியை டிஎல்பியின் யூஎஸ்பி விலக்குப் பட்டியலில் (தூங்க வைக்கக் கூடாத சாதனங்களின் பட்டியல்) சேர்த்தேன். இப்போது எப்போது செருகினாலும் தெரிகிறது. கர்னல் பதிவைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.