ஒன்றரை வயது மகனைப் பாட்டியிடம் விட்டுச் செல்வது பற்றி

கேள்வி:
பணிப் பயிற்சிக்காக நான் ஆறு மாதம் ஹைதராபாத்தில் தங்க வேண்டியிருக்கிறது. கணவர் வெளிநாட்டில் இருப்பதால், ஒன்றரை வயது மகன் மதுரையில் என் அம்மாவிடம் இருப்பான். தாயைச் சிறுவயதில் பிரிந்தால் குழந்தையின் மனம் நிரந்தரமாகப் பாதிக்கப்படும் என்று படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. உறவினர்களோ, "அவனுக்கு என்ன தெரியும், நாலு நாளில் மறந்துவிடுவான்" என்கிறார்கள். எதை நம்புவது?

பதில் 1:
மறந்துவிடுவான் என்பதை நம்ப வேண்டாம். லண்டனின் டாவிஸ்டாக் மனநல மருத்துவமனையில், தாய்-சேய்ப் பிணைப்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனித்துவிடப்பட்ட சிறு குழந்தைகள் முதலில் அழுது அரற்றுவதையும், பிறகு சோர்ந்து ஒடுங்குவதையும், இறுதியில் தாயே வந்தாலும் முகம் கொடுக்காமல் இருப்பதையும் பதிவு செய்தார். அந்த மூன்றாம் நிலையைத்தான் அக்கால மருத்துவமனைகள், குழந்தை பழகிவிட்டது என்று தவறாக எடுத்துக்கொண்டன. 1952இல் அவர் வெளியிட்ட ஆவணப்படத்தை மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். 1959இல்தான் மருத்துவமனையில் உள்ள குழந்தைகளின் நலன் பற்றிய பிரிட்டனின் பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

பதில் 2:
இத்துடன் நிறுத்தினால் அச்சம்தான் மிஞ்சும். ராபர்ட்சனும் அவருடைய மனைவி ஜாய்ஸும் பின்னர் 17 மாதக் குழந்தை ஒன்றைக் காப்பகத்தில் 9 நாட்கள் கவனித்தார்கள். செவிலியர் முறை வைத்து மாறிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொருவரிடமும் ஒட்டிக்கொள்ள முயன்று தோற்ற அந்தக் குழந்தை, கடைசியில் தாயின் மடிக்கே வர மறுத்தது. ஆனால் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட நான்கு குழந்தைகளுக்காக, அவர்களுடைய உணவையும் உறக்கத்தையும் முன்கூட்டியே கேட்டறிந்து, தாயின் படத்தைக் காட்டி அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் ஏங்கினாலும் அப்படி நொறுங்கவில்லை. ஆகவே பிரிவைவிட, பிரிந்தபின் குழந்தையை ஏந்திக்கொள்ளும் ஆள் மாறாமல் இருக்கிறாரா என்பதே பெரிய கேள்வி என்பது என் கருத்து. ஆனால் அவை சில நாட்கள், சில வாரங்கள் மட்டுமே நீடித்த பிரிவுகள். ஆறு மாதம் நீண்ட காலம். அம்மாவையும் குழந்தையையும் ஹைதராபாத்துக்கே அழைத்துச் செல்ல வழியிருந்தால், செலவானாலும் அதையே செய்யுங்கள்.

பதில் 3:
நீங்கள் படித்தது ருமேனிய அனாதை இல்லங்களைப் பற்றியதாக இருக்கலாம். 2000ஆம் ஆண்டு ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளுடன் தொடங்கிய ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் இல்லங்களிலேயே விடப்பட்டவர்களைவிடத் தேறினார்கள்; இரண்டு வயதுக்குள் சென்றவர்களிடம் பற்றுறவு, அதாவது வளர்ப்பவரிடம் உண்டாகும் பாசப் பிணைப்பு, நன்றாக வேர்பிடித்தது. தனக்கென்று ஒருவரும் இல்லாத அந்தக் குழந்தைகளின் நிலை வேறு, பாட்டியின் இடுப்பில் இருக்கும் உங்கள் மகனின் நிலை வேறு.

அவன் தூங்கும்போது சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டே போங்கள். முடிந்த வார இறுதிகளில் நேரில் வாருங்கள். திரும்பியதும் அவன் உங்களைத் தவிர்த்துப் பாட்டியிடம் ஓடினால் மனம் நோக வேண்டாம். உடனே பாட்டியிடமிருந்து பிரித்து அழைத்துப் போனால் அது அவனுக்கு இரண்டாவது பிரிவாகும் என்பதால், சில வாரமாவது மூவரும் ஒரே வீட்டில் இருக்கும்படி விடுப்பை இப்போதே கேட்டு வையுங்கள்.