பீட்டில் முன்சக்கரம் கொதிக்கிறது: பேரிங்கா, பிரேக்கா?

வெள்ளைவண்டு68: 1968 வோக்ஸ்வாகன் பீட்டில், டிரம் பிரேக். இடது முன்சக்கர பேரிங் போன வாரம்தான் மாற்றியது. 20 கி.மீ. ஓட்டினால் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மூடியில் கை வைக்க முடியவில்லை. வலதுபக்கம் வெதுவெதுப்புதான். "புதுசு, ஓட ஓட சரியாகும்" என்கிறார்கள் பட்டறையில்.

கிரீஸ்கை: ஓட ஓட எரிந்துதான் போகும். பேரிங்கைப் பிடிக்கும் நட்டை இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். இது டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங், 0.03 முதல் 0.12 மி.மீ. ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், அப்புறம் தளர்த்துங்கள். நட்டுக்குப் பின்னால் உள்ள வாஷரைத் திருப்புளி நுனியால் தள்ளினால், நெம்பாமலே நகர வேண்டும். இடதுபக்கம் மரை தலைகீழ், இடப்புறம் திருப்பினால்தான் இறுகும், கவனம்.

டிரம்தாத்தா: தம்பி சொல்லும் அளவு சரி. ஆனால் நட்டைத் தொடும் முன் சூடு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். இதில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு, டிரம்முக்குள் பிரேக் ஷூ உரசினாலும் மூடி சுடும். ஜாக்கி போட்டுச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் ப்ளீடர் நிப்பிளை (பிரேக் எண்ணெயை வெளியே விடும் சிறு திருகு) திறங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் பிரேக் ஹோஸ் (ரப்பர் குழாய்) உள்ளே வீங்கியிருக்கிறது. மிதித்த அழுத்தம் போகும், திரும்பி வராது. நல்ல பேரிங்கை இப்படி வீணாகக் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிரீஸ்கை: ஐயா, பிரேக் உரசினால் டிரம் விளிம்புதானே அதிகம் சுட வேண்டும்? அவர் சொல்வது நடு மூடியை.

டிரம்தாத்தா: விளிம்பைத் தொட்டாரா என்று அவர் சொல்லவே இல்லையே. கால் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, கடைசியில் ஹேண்ட்பிரேக்கில் நிறுத்தட்டும். அது பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும்.

வெள்ளைவண்டு68: இன்று காலை செய்துவிட்டேன். விளிம்பு இளஞ்சூடு, நடு மூடி கொதிக்கிறது. நிப்பிளைத் திறந்தும் மாற்றமில்லை. மூடியைக் கழற்றினால் கிரீஸ் எண்ணெயாய் வழிகிறது, வாஷர் அசையவே இல்லை.

டிரம்தாத்தா: அப்படியானால் பேரிங்தான், தம்பி சொன்னதே சரி. ஆனால் நட்டைத் தளர்த்திவிட்டு ஓட்டிவிடாதீர்கள். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். உருளையில் நீலமோ வைக்கோல் நிறமோ ஏறியிருந்தால் அது போனதுதான்.

கிரீஸ்கை: நிறம் மாறவில்லை என்றால் அதையே போடலாம். புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஏற்றுங்கள். ஹப் முழுக்க அடைக்காதீர்கள், அதுவும் சூடேற்றும்.

வெள்ளைவண்டு68: கழுவிவிட்டேன். உள் பேரிங் பளபளவென்று இருக்கிறது. வெளி பேரிங்கில் மூன்று உருளைகளில் வைக்கோல் நிறம். அதை மட்டும் வெளிவளையத்தோடு மாற்றுகிறேன்.