பனி சாம்பலா, வெள்ளையா?

பனிமலை:
நேற்று இங்கே நான் போட்ட, பனிமூட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற அக்காவின் படத்துக்குப் 'பழைய நிக்கான்' எழுதிய கருத்து இது: "பனி அழுக்கு வேட்டி மாதிரி இருக்கிறது." காலை 6 மணிக்குத் தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அட்டைக் கடியோடு தேயிலைக்குள் நின்று எடுத்த படம் ஐயா. நேர்மையான கருத்துக் கேட்டேன், சரி. அதற்காக வேட்டியை ஏன் இழுக்கிறீர்கள்?

பழைய நிக்கான்:
அட்டை கடித்தது படத்தில் தெரியாது தம்பி. கேமராவில் வெளிச்சம் அளக்கிற மீட்டருக்குப் பனியும் ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான். எல்லாவற்றையும் 18 சதவீதச் சாம்பலாக, அதாவது நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி, வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கியிருந்தால் பனி வெள்ளையாக வந்திருக்கும்.

பனிமலை:
அன்று வெயிலே இல்லை. பனி சாம்பலாகத்தான் இருந்தது. பார்த்ததை எடுத்தேன்.

பழைய நிக்கான்:
நீங்கள் பார்த்தது வேறு, மீட்டர் பார்த்தது வேறு. ஹிஸ்டோகிராமை, அதுதான் கேமராவின் வெளிச்ச வரைபடத்தை, திறந்து பாருங்கள், மேடு நடுவிலேயே குந்தியிருக்கும். பனிப் படத்துக்கு அது வெளிச்சம் கூடிய வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். முன்னால் நிற்கிற அக்காவின் நெற்றியில் கூடைக் கயிறு பதிந்திருக்கிறதே, அதுதான் படம். அது இருட்டுக்குள் போய்விட்டது. பனி சாம்பல்.

லயத்துப்பிள்ளை:
இரண்டு பேருக்கும் பனிதான் கவலை. அந்த அக்காவிடம் கேட்டு எடுத்தீர்களா? எங்கள் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்குப் போகிற ரோட்டில், கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்துக் கேமராவோடு வந்து சிரிக்கச் சொல்வார்கள்.

பனிமலை:
கேட்டுத்தான் எடுத்தேன். பெயரும் கேட்டேன்.

லயத்துப்பிள்ளை:
அப்புறம் ஏன் தலைப்பு 'உழைப்பின் அழகு'? அந்தப் பெயரையே போட்டிருக்கலாமே.

பழைய நிக்கான்:
தலைப்பைப் பிறகு பார்ப்போம். ஒரு ஸ்டாப் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஹட்டன் டவுன்:
நிக்கான் அண்ணே, போன வருஷம் நீங்கள் போட்ட ஒன்பது வளைவு ரயில் பாலத்தின் படம் ஞாபகம் இருக்கிறதா? 1921இலிருந்து நிமிர்ந்து நிற்கிற பாலம், உங்கள் படத்தில் மட்டும் சரிந்து கிடந்தது. அதைச் சொன்னதற்கு என்னை "முதலில் ஒரு ட்ரைபாட் வாங்கு" என்றீர்கள்.

பழைய நிக்கான்:
அந்தப் பாலமே வளைந்து போகிற பாலம். அங்கே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

ஹட்டன் டவுன்:
ஓ, பார்த்ததை எடுத்தீர்களோ?

பழைய நிக்கான்:
அது வேறு, இது வேறு. வாங்கிய ட்ரைபாடை வைத்து நீங்கள் எடுத்த ஒரு படத்தையும் இதுவரை காணோம்.

ஹட்டன் டவுன்:
போட்டால் வேட்டி, சேலை என்று எழுதுவீர்கள். எதற்கு? அதோடு, பனி வெள்ளையாக வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குப் போகச் சொல்லுங்கள். தலவாக்கலைப் பனி எப்போதும் கொஞ்சம் மங்கல்தான்.

பனிமலை:
எங்கள் ஊர்ப் பனிக்கு என்ன குறை?

பழைய நிக்கான்:
ஊரில் குறை இல்லை, எக்ஸ்போஷரில்தான் குறை. உங்கள் படத்தை இறக்கி, வெளிச்சம் ஏற்றிக் கீழே போட்டிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது கயிறு தெரிகிறதா?

பனிமலை:
யாரைக் கேட்டு என் படத்தில் கை வைத்தீர்கள்?

லயத்துப்பிள்ளை:
இதைத்தான் நானும் முதலில் கேட்டேன்.

பழைய நிக்கான்:
கயிறு தெரிகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.