கயிறை இழுத்தா லைன் நிக்குமா, நிக்காதா?

ஒரகடம்காரன்:
நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தார்: "வேலை இடத்துல சமத்துவம் வந்தா புது யோசனை வரும்ங்கறதெல்லாம் ஹெச்.ஆர் விடற கதை." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. டொயோட்டா கார் ஃபேக்டரில நேத்து சேர்ந்த பையன்கூட தலைக்கு மேல தொங்கற கயிறை இழுத்து, வண்டிங்க நகர்ந்துக்கிட்டே போற அசெம்ப்ளி லைனையே நிறுத்தலாம். யார்கிட்டயும் கேக்க வேணாம். அந்த தைரியம் இருந்தாத்தான் குறை வெளிய வரும், குறை வெளிய வந்தாத்தான் யோசனை வரும். 1951லயே தொழிலாளிகிட்ட யோசனை கேட்டு வாங்க ஆரம்பிச்ச கம்பெனி அது.

சுத்தியல்67:
அந்த "ஒருத்தர்" நான்தான். கயிறை இழுத்தா லைன் நிக்காது. எந்த இடத்துல பிரச்சனைன்னு காட்டற 'ஆண்டான்' போர்டுல விளக்கு எரியும், மியூசிக் அடிக்கும், டீம் லீடர் ஓடி வருவார். வண்டி குறிச்ச கோட்டைத் தாண்டறதுக்குள்ள சரியாகலேன்னாத்தான் நிக்கும்.

ஒரகடம்காரன்:
ஆக, நிக்கும்.

சுத்தியல்67:
உடனே நிக்காது.

கமலா_க்யூசி:
சமத்துவம்னா எதைச் சொல்றீங்க, சம்பளமா மரியாதையா? அதை முதல்ல பேசுங்க. கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல அமெரிக்க கார் கம்பெனி ஜி.எம் 1982ல மூடின ஃபேக்டரியை, 1984ல டொயோட்டாவோட கூட்டா 'நம்மி'ன்னு திறந்தாங்க. பெரும்பாலும் அதே பழைய ஆளுங்க. அதிகாரிக்குத் தனி கேன்டீன் கிடையாது. வேலைக்கே வரமாட்டான்னு பேர் வாங்கினவங்கதான் அங்க நல்ல வண்டி பண்ணாங்க.

சுத்தியல்67:
2010ல அதையும் மூடிட்டாங்களே மேடம். அப்ப கேன்டீன் காப்பாத்தலையா?

கமலா_க்யூசி:
2009ல ஜி.எம் திவாலானதுக்கு சாம்பார்தான் காரணமா சார்?

ஒரகடம்காரன்:
அவர்கிட்ட பேசி பிரயோஜனம் இல்ல மேடம். முன்னாடி இங்க நடந்த டைமிங் பெல்ட் சண்டையிலயும் இப்படித்தான், தப்புன்னு தெரிஞ்சும் ஒத்துக்கவே இல்ல. நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன். எங்க லைன்ல ஒரு டிரெய்னி, வந்தவாசி பக்கத்துப் பையன். போல்ட் தட்டு முழங்கால் உயரத்துல இருந்துச்சு, ஒவ்வொரு வண்டிக்கும் குனியணும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, தட்டை இடுப்பு உயரத்துல கட்டி, வண்டியோடயே நகர வெச்சான். வேலையை மேம்படுத்தற யோசனையை எழுதற கைசன் ஷீட்ல ஏறினது இன்ஜினியர் பேரு. பையனுக்கு ஒரு டீகூட இல்ல. அதுக்கப்புறம் மீட்டிங்ல அவன் வாயே திறக்கல. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?

சுத்தியல்67:
கதை நல்லாருக்கு. கயிறு?

பாடி_பென்ஷனர்:
தம்பிகளா, ஜப்பான் வரைக்கும் ஏன் போறீங்க? 1998ல நம்ம சென்னை பாடி சுந்தரம் கிளேட்டன் கம்பெனி, தரத்துக்குக் குடுக்கற டெமிங் பரிசு வாங்கிச்சு. இந்தியாவுலயே முதல்.

சுத்தியல்67:
எனக்கு 58 வயசு, தம்பின்னு கூப்பிட வேணாம்.

பாடி_பென்ஷனர்:
எனக்கு 74. தம்பிதான்.

நீலக்கயிறு:
ஒரு சந்தேகம்ணே. இழுக்கற உரிமை பெர்மனென்டுக்கா, காண்ட்ராக்டுக்குமா? எங்க இடத்துல ஐடி கார்டு கயிறே ரெண்டு கலர். நான் ஏதாவது சொன்னா "உன் காண்ட்ராக்டர்கிட்ட சொல்லு"ம்பாங்க. அவருக்கு ஸ்பேனர் எது, ஸ்பூன் எதுன்னே தெரியாது.

சுத்தியல்67:
இன்னொன்னு. டொயோட்டா கார் கம்பெனி ஆரம்பிச்சவரோட அப்பா சாகிச்சி டொயோடா 1924ல பண்ணின தறியில நூல் அறுந்தா தானா நிக்கும். கயிறுக்கு மூலம் அதுதான். தறிக்கு என்னய்யா சமத்துவம்?

ஒரகடம்காரன்:
தறி நிக்கும்னு ஒத்துக்கறீங்க. கயிறு மட்டும் நிக்காதா?

சுத்தியல்67:
நூல் அறுந்தா உடனே நிக்கும். கயிறை இழுத்தா உடனே நிக்காது. தமிழ்லதான எழுதறேன்?

ஒரகடம்காரன்:
"உடனே"ன்னு நான் எழுதவே இல்ல. மேல போய்ப் படிங்க. டைமிங் பெல்ட்லயும் இதே வேலைதான் பண்ணீங்க.

நீலக்கயிறு:
அண்ணே, நான் கேட்டது...

சுத்தியல்67:
பெல்ட்டை இழுக்காதீங்க. அதுல நான் சொன்னதுதான் சரி.

ஒரகடம்காரன்:
நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பறேன். காலைல வந்து வெச்சுக்கறேன். நிக்கும்.

சுத்தியல்67:
நிக்காது.