தன்னிடக் குறிப்பு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

அரசியல் கருத்தில் இடதிலிருந்து வலது வரை நீளும் அளவுகோலில் ஒருவர் தம்மைத் தாமே எங்கே வைத்துக்கொள்கிறார் என்று கேட்கும் வினாவை ஆங்கிலத்தில் ‘செல்ப் பிளேஸ்மென்ற்’ என்கிறார்கள். இதற்குக் கடந்த மடலில் ‘சுயநிலைப்பாடு’, ‘இடவலச் சார்பறிதல்’ என்ற இரு சொற்கள் முன்வைக்கப்பட்டன. முதலாவதை எடுத்துக்கொள்வோம். நிலைப்பாடு என்பது காணி விடுவிப்பு, மொழியுரிமை போன்ற ஒரு விடயத்தில் ஒருவர் எடுக்கும் முடிவு. அது எப்போதும் அவருடையதாகவே இருக்கும் என்பதால், ‘சுய’ என்ற முன்னொட்டு அங்கே வேலையின்றி நிற்கிறது.

சென்ற மாதம், உலக விழுமியங்கள் பற்றிய பன்னாட்டு ஆய்வில் உள்ள 1 (இடது) முதல் 10 (வலது) வரையான அளவுகோலைத் தமிழாக்கி, கோண்டாவிலில் எங்கள் அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளரிடம் கொடுத்துப் பார்த்தேன். பேனையை 3இன் மேல் வைத்தவர், குறியிடாமலே நிமிர்ந்து, “தம்பி, சம்பளம், சங்கக்கடை எண்டால் மூண்டு. எங்கட பிரச்சினையைக் கேட்டால் இந்தக் கோட்டிலை எனக்கு இடமில்லை” என்றார். பிறகு அந்தக் கோட்டுக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக இன்னொரு கோட்டைக் கீறி, அதன் உச்சியில் ஒரு புள்ளி வைத்துத் தந்தார். என் வினாக்கொத்து கெட்டது. ஆனால் நமக்கு வேண்டிய சொல்லின் பொருள் தெளிந்தது. ஒருவர் தம் இடத்தைத் தாமே தேடிக் குறிக்கும் செயலுக்கே பெயர் வேண்டும். அவர் எந்த வகையினர் என்பதற்கு அல்ல.

ஆகவே, ‘இடவலச் சார்பறிதல்’ என்ற இரண்டாவது முன்மொழிவையும் நான் ஏற்கவில்லை. இடதும் வலதும் நாட்டுக்கு நாடு பொருள் மாறுபவை. 1789இல் பிரெஞ்சுத் தேசிய அவையில் மன்னரின் தடையதிகாரத்தை ஆதரித்தோர் தலைவரின் வலப்புறமும் எதிர்த்தோர் இடப்புறமும் அமர்ந்ததில் தொடங்கிய வழக்கு அது. டென்மார்க்கில் 1870இல் தோன்றிய ஒரு கட்சியின் பெயரே ‘இடது’ என்று பொருள்படும் ‘வென்ஸ்ற்ர’ என்பதாகும். பெருநிலக்காரரின் வலதுக்கு எதிராக விவசாயிகள் பக்கம் நின்றதால் வந்த பெயர் அது. இன்று அக்கட்சி மைய வலதில் நிற்கிறது, பெயர் மட்டும் மாறவில்லை. ‘லிபரல்’ என்றால் அமெரிக்கர் இடப்பக்கம் பார்ப்பர். அவுஸ்திரேலியாவில் அதே பெயருடைய கட்சி தொழிற்கட்சியை வலப்பக்கமிருந்து எதிர்க்கிறது. நமது இலங்கையின் கதை இன்னும் சுவையானது: 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அரசாங்கமே, 1978 அரசியல் யாப்பில் நாட்டுக்குச் ‘சனநாயக சோசலிசக் குடியரசு’ என்று பெயர் வைத்தது.

யாழ்ப்பாணத்தில் ‘இடதுசாரி’ என்ற சொல்லைக் கேட்கும் முதியவர் ஒருவருக்குத் தொழிற்சாலையோ வரியோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. 1966இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும், தேநீர்க் கடைகளில் வேறாக வைத்த குவளைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே அது முதன்மையாகச் சாதி பற்றிய சொல். கொழும்பில் இருப்பவருக்கு அதே சொல் தொழிற்சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும் நினைவூட்டும். இருவரும் 3 என்று குறித்தாலும், அந்த இரண்டு மூன்றுகளும் ஒன்றல்ல.

இவ்வாறு உலகம் ஒருவருக்கோ ஒரு கட்சிக்கோ சூட்டும் ‘லேபல்’ என்பதற்குச் ‘சார்புப்பெயர்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி ஆங்கிலத்தில் ‘பெடரல் பார்ட்டி’ என்றே அறியப்பட்டது. சமஷ்டியைக் கேட்ட அந்த ஒரு கட்சியே இரு மொழிகளில் இரு சார்புப்பெயர்களைச் சுமந்ததால், அது கேட்பது சமஷ்டியா தனி அரசா என்று எழுந்த ஐயங்களை நாம் அறிவோம்.

ஒருவர் அளவுகோலில் தம் இடத்தைத் தாமே குறிப்பதற்கு எனது முன்மொழிவு ‘தன்னிடக் குறிப்பு’ என்பதாகும். ‘தற்குறிப்பு’ என்று சுருக்கவே முதலில் நினைத்தேன். எழுதத் தெரியாதவரைத் தற்குறி என்று சொல்லும் வழக்கு நினைவுக்கு வந்ததும் கைவிட்டேன். வாக்காளரை அப்படி அழைத்த பழி நம் குழுமத்துக்கு வேண்டாம்.

ஓர் இடர் உண்டு. ‘தன்னிடம்’ என்பது ‘தன் கையில்’ என்ற பொருளையும் தருவதால், ‘அவர் தன்னிடம் குறித்தார்’ என்று வினையாக்கினால் வாசகர் தடுமாறுவார். தொகைச்சொல்லில் இந்த மயக்கம் இல்லை. வினையாக வரும் இடத்தில் ‘தன் இடத்தைக் குறித்தார்’ என்று பிரித்து எழுதினால் போதும் என்பது என் எண்ணம். இலக்கணம் அறிந்தோர் இதற்கு உடன்படுகிறார்களா என்பதையும், 1 முதல் 10 வரையான கோட்டில் 5ஐ ‘நடு’ என்று எழுதுவதை நிறுத்தலாமா என்பதையும் தெரிவிக்கவும். அந்தக் கோட்டின் உண்மையான நடு ஐந்தரையில் இருக்கிறது, அங்கே குறியிட யாருக்கும் கட்டம் இல்லை.