வீட்டுப் பட்டறையில் காற்றோட்டம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மாடிவீடு
கல்யாண மாலையை ரெசினில் (ஹார்டனர் கலந்தால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) பதித்துக் கொடுக்கும் ஓர் அக்காவிடம் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். சென்னை, ஐப்பசி மழை. ஈரத்தில் ரெசின் வெளுத்துப் பிசுபிசுத்துவிடும் என்று ஜன்னலையெல்லாம் சாத்தி ஏசி போட்டிருந்தார். பெரிய ஆர்டர் என்பதால் மொத்தத்தையும் ஒரே டப்பாவில் கலக்கிவிட்டுப் பூவை அடுக்கத் திரும்பினார். டப்பாவிலிருந்து வெள்ளைப் புகை! பிளாஸ்டிக் அடி நெளிந்து இறங்குகிறது. துணியைச் சுற்றிப் பிடித்து பால்கனிக்குக் கொண்டுபோவதற்குள் இரண்டு பேருக்கும் இருமல். வாசலில் அவர் பையன், கையில் சாப்பாட்டுத் தட்டு. "அம்மா, என்ன நாத்தம்?" என்கிறான். ராத்திரி அவன் படுப்பது அதே அறையில்தான். எனக்கு இன்னும் அதுதான் உறுத்துகிறது.

கோந்துடப்பா
ஏசியைக் குறை சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஒரு பீஸ் தேறாது. புகை வந்தது அளவினால். ரெசின் இறுகும்போது தானே சூடாகும். ஆழமான டப்பாவில் நிறைய இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் ஏறும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மெல்லிய அடுக்காக ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் ஏசி அறையில் என்95 மாஸ்க் போட்டுத்தான் செய்கிறேன். சாயங்காலம் லேசாகத் தலை வலிக்கும், அவ்வளவுதான்.

மரத்தூள்
"அவ்வளவுதான்" இல்லை சார். ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். வெளிக்காற்று உள்ளே வராது. என்95 தூசியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் தனியாக உண்டு.

என் கதை சின்னதுதான். காற்றோட்டம் வேண்டுமென்று மொட்டை மாடியில் எம்டிஎஃப் பலகை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) அறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி வடாம் தட்டோடு ஏறி வந்தார். வடாம் மேல் பழுப்பாக ஒரு படலம். திட்டவில்லை. "இதை நீயே சாப்பிடுப்பா" என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ரிட்டயர்டு ஃபிட்டர்
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எம்டிஎஃப் தூசி வடாமோடு போனால் பரவாயில்லை. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப்பில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் சேர்த்தி. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், கீழே கிடந்தது மூக்குக்கு வரும். ஈரத்துணியால் துடையுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுபவர்கள், பக்கத்திலேயே இருக்கும் ஜன்னலைத் திறந்துவைக்காதீர்கள். அந்த ஜன்னல் காற்றையே அது இழுத்து வெளியே தள்ளும். மேசை மேல் இருக்கும் நெடி அசையாது. எதிர்ச் சுவர்ப் பக்கம் காற்று நுழைய வழி வேண்டும், நடுவில் மேசை, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து மேசையைத் தாண்டிப் போக வேண்டும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு நகர்ந்து போகும். அடுப்படி பக்கத்து அறையென்றால் தின்னர் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். எங்கள் தெருவில் பாலிஷ் போடுகிறவர் வீட்டில் ராத்திரி கூடை எரிந்தது. நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

கோந்துடப்பா
கதை கடைசி இரண்டு வரிதான், மிச்சமெல்லாம் பாடம். அனுபவப் பகிர்வு என்றுதானே தலைப்பு?

ஊசிநூல்
கோந்துடப்பா, உங்கள் தலைவலியைப் படித்ததும்தான் எழுதத் தோன்றியது. என் தோழிக்கும் "லேசாக"த்தான் ஆரம்பித்தது. விரலிடுக்கில் அரிப்பு, கையுறை போட்டால் வியர்க்கிறது என்று வெறுங்கையோடு செய்வாள். ஒருநாள் காலையில் கண் இமை இரண்டும் வீங்கி, திறக்கவே முடியவில்லை. எபாக்ஸி (இந்த ரெசின்தான்) அலர்ஜி. ஒருமுறை வந்துவிட்டால் போகாது என்றார் தோல் டாக்டர். இப்போது வேறு யாராவது ரெசின் கலக்கும் அறைக்குள் நுழைந்தாலே இமை தடித்துவிடுகிறது. ரெசின் ஊற்றும் மோல்டு, நிறப்பொடி எல்லாவற்றையும் பெட்டியோடு என்னிடம் கொடுத்துவிட்டாள். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

கோந்துடப்பா
அந்தக் கரி மாஸ்க் எந்தக் கடையில் கிடைக்கும், மரத்தூள்?