புதுச்சேரியில் அணுகுண்டு விழுந்தால் கடலூர் தப்புமா? ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்ட கேள்வி

கெடிலக்கரை வாத்தியார்:

வணக்கம். கடலூரில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடலாம் என்றிருந்தேன். வழக்கம்போல, "ஒரே நொடியில் ஊரே சாம்பலாகிவிட்டது" என்றேன். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "ஊரே சாம்பலானால், நடந்ததை யார் சார் வந்து சொன்னார்கள்?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதோடு விட்டாளா? "பாண்டிச்சேரியில் போட்டால் எங்கள் வீடு இருக்குமா, இருக்காதா?" என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்து வந்துவிட்டேன். வீட்டில் கைபேசியைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொள்ளச் சொல்லி ஒரு செய்தி. அனுப்பியவர் என் சொந்த மைத்துனர். விவரம் தெரிந்தவர்கள் தூரக் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும். பயமுறுத்தவும் வேண்டாம், பூசி மெழுகவும் வேண்டாம்.

லாஸ்பேட்டை இயற்பியல்:

கல்லூரியில் 28 ஆண்டு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஹிரோஷிமாவில் அப்போது ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்கள்தான் வந்து சொன்னார்கள்.

அது 15 கிலோடன் குண்டு, அதாவது 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். தரைக்கு மேல் சுமார் 600 மீட்டரில் வெடித்தது. அதே குண்டு புதுச்சேரி பாரதி பூங்காவுக்கு மேல் வெடித்ததாக வைத்துக்கொள்வோம். ஹிரோஷிமாவில் குண்டுக்குச் சரியாகக் கீழே இருந்த தரை 3,000 டிகிரிக்கு மேல் சூடாயிற்று. அரைக் கிலோமீட்டருக்குள் கூரை ஓடுகளின் மேற்பரப்பு உருகிக் கொப்புளித்தது. நம் ஊரில் அந்த வட்டத்துக்குள் வெள்ளை நகரத்தின் பெரும்பகுதியும் பூங்காவை ஒட்டிய பொது மருத்துவமனையும் வந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் வரை மரவீடுகள் நொறுங்கி எரிந்தன. வடக்கே முத்தியால்பேட்டை, தெற்கே முதலியார்பேட்டை என்று கொள்ளுங்கள். நம் காரை வீடுகள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கலாம், உள்ளே இருப்பவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மூன்றரைக் கிலோமீட்டர் வரை வெளியில் நின்றவர்களின் தோல் வெந்தது. என் வீடு ஏறக்குறைய அந்த எல்லையில்தான் இருக்கிறது. மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தால் அகப்பட்டுக்கொள்வேன், கீழே அறையில் தூங்கிக்கொண்டிருந்தால் ஒருவேளை பிழைப்பேன்.

தேவனாம்பட்டினம் நேர்கோட்டில் 22 கிலோமீட்டர். அந்தப் பெண்ணின் வீடு இருக்கும். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தெரியும், பிறகு இடி கேட்கும், ஜன்னல் அதிரும்.

ஆனால் இன்றைய குண்டுகள் பல 100 கிலோடனுக்கு மேல். குண்டு எட்டு மடங்கு பெரிதானால் அதிர்ச்சி அலையின் வீச்சு இரண்டு மடங்குதான் ஆகும். வெப்பத்தின் வீச்சு அதைவிட வேகமாக வளரும்.

வெள்ளைப் புடவை:

ஐயா தூரத்தைச் சொல்லிவிட்டார். நான் தீக்காய வார்டில் 31 வருடம் செவிலியாக இருந்தவள். அந்தக் குழந்தைக்கு வேறு ஒரு கணக்கு சொல்கிறேன், வாத்தியார் தம்பி.

ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் ஸ்டவ் வெடித்து, உடம்பில் 40 சதவீதம் வெந்த காயத்தோடு வருகிறாள். வெந்த உடம்பு நீரை உள்ளே பிடித்துவைக்காது. பாத்திரத்தில் ஓட்டை விழுந்த மாதிரிதான். எடை, சதவீதம் இரண்டையும் பெருக்கி அதை நான்கால் பெருக்கினால் 8,000 மில்லி. முதல் 24 மணி நேரத்தில் நரம்பு வழியே ஏற்ற வேண்டியது இவ்வளவு. அரை லிட்டர் பாட்டிலில் பதினாறு. அதில் எட்டு, காயம் பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். சிறுநீர் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒருத்தி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுநாள் கட்டு மாற்ற இரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கக் கூடாது. உப்புநீரை ஊற்றி ஊற்றி, அதுவே ஊறிக் கழன்று வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்போம். என்ன சமையல், எத்தனை பிள்ளைகள், மாமியார் எப்படி. வாழை இலையைக் கிருமி நீக்கிக் காயத்தின் மேல் போடும் வழக்கமும் உண்டு, அது ஒட்டாது. இவ்வளவு செய்தும் பலரை இழந்திருக்கிறேன்.

இது ஒருத்திக்கு. தீபாவளி இரவில் நாலு பேர் சேர்ந்து வந்தாலே எங்கள் வார்டு திணறும். ஒரு வருடம் டிரிப் ஸ்டாண்டு போதாமல் ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டோம்.

ஹிரோஷிமாவில் மருத்துவர்கள், செவிலியர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அன்றைக்கே இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். கிமோனோவில் கறுப்புப் பூப்போட்டிருந்த இடத்தில் மட்டும் வெப்பம் ஏறி, அந்தப் பூ அப்படியே தோலில் பதிந்த ஒரு பெண்ணின் படத்தைப் பயிற்சிக் காலத்தில் பார்த்தேன். அதற்குப் பிறகு கறுப்புப் பூப்போட்ட புடவை நான் எடுத்ததில்லை. பைத்தியக்காரத்தனம்தான்.

காயமே இல்லாதவர்களும் இருந்தார்கள். சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம், நன்றாக நடமாடினார்கள். பிறகு முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது, ஈறில் ரத்தம், தோலில் ஊதாப் புள்ளிகள், ரத்தபேதி. சீதபேதி என்று நினைத்துப் பிரித்துப் படுக்கவைத்தார்கள். கதிர்வீச்சு ரத்த அணுக்களைக் காலி செய்திருந்தது அப்போது தெரியாது. சடாகோ சசாகி என்ற பெண் குண்டு விழும்போது இரண்டு வயதுக் குழந்தை. ரத்தப் புற்றுநோயில் இறந்தது 1955இல், 12 வயதில்.

மைத்துனரிடம் சொல்லுங்கள், வெந்த இடத்தில் மஞ்சளைப் பூசி அழைத்து வந்தால் அதைக் கழுவி எடுப்பதற்குள் நோயாளிக்கு உயிர் போய் உயிர் வரும்.

சோனாங்குப்பம் கரை:

வாத்தியார் ஐயா, எங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டது ஒன்றைச் சொல்கிறேன். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா 15 மெகாடன், அதாவது 15,000 கிலோடன், குண்டை வெடித்துச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகப் போய்விட்டது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தடை போட்ட எல்லைக்கு வெளியே, சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு என்ற ஜப்பான் படகு. 23 பேர். சில மணி நேரத்தில் வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. பவளப்பாறை பொடிந்த சாம்பல். வெறுங்கையால் அள்ளிக் கொட்டினார்கள். தூண்டில் கயிற்றைச் சுருட்டி எடுக்காமல் கிளம்ப மனம் வரவில்லை, யாருக்குத்தான் வரும்? கரை சேர்ந்தது மார்ச் 14. படகில் ரேடியோவை இயக்கிய குபோயாமா செப்டம்பரில் இறந்தார். ஊரெல்லாம் சூரையை வாங்க ஆளில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே வாரக்கணக்கில் மீன் வாங்க ஆளில்லாமல் கூடையோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது புரியும்.

வாடைக் காற்றுக் காலத்தில் பாண்டியில் போட்டால் சாம்பல் நம் பக்கம்தான் வரும்.

லாஸ்பேட்டை இயற்பியல்:

மேகம் 12 கிலோமீட்டருக்கு மேல் எழும்பும், தம்பி. ஆடியில் தரையில் மேற்குக் காற்று அடிக்கும்போதே அந்த உயரத்தில் கிழக்கிலிருந்து பலமாக வீசும். நம் கடற்கரைக் காற்றை நம்பிச் சொல்ல முடியாது. தவிர, உயரத்தில் வெடித்தால் இந்தச் சாம்பல் குறைவு, தரையில் வெடித்தால்தான் மண்ணை வாரிக்கொண்டு போய்க் கொட்டும். கொட்டினால் சுவருக்குள் இருங்கள். ஏழு மணி நேரத்தில் கதிர்வீச்சின் தீவிரம் பத்தில் ஒன்றாகும், இரண்டு நாளில் நூற்றில் ஒன்றாகும். அயோடின் மாத்திரை தைராய்டு சுரப்பியை மட்டுமே காக்கும்.

கெடிலக்கரை வாத்தியார்:

மூவருக்கும் நன்றி. இன்று பதினாறு பாட்டில் கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். யாரும் பேசவில்லை. ஒலி 22 கிலோமீட்டர் கடக்க எவ்வளவு நேரம் என்று கேட்டேன். வினாடிக்கு 340 மீட்டர் என்று வகுத்து, அந்தப் பெண்தான் 65 வினாடி என்றாள். உடனே, "வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் என்ன சார் செய்ய வேண்டும்?" என்றாள். ஐயா?

லாஸ்பேட்டை இயற்பியல்:

ஜன்னலிடம் போகக் கூடாது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் ஊருக்கு மேல் விண்கல் ஒன்று வெடித்தது. பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்க்க எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஓரிரு நிமிடம் கழித்து வந்த அலையில் கண்ணாடி உடைந்தது. காயம் பட்டவர்கள் சுமார் 1,500 பேர், பெரும்பாலும் கண்ணாடியால். ஓர் ஆசிரியை மட்டும் தன் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 44 பேரையும் மேசைக்கு அடியில் போகச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை. அவர் கையில் வெட்டு.

கெடிலக்கரை வாத்தியார்:

சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பறை ஜன்னலில் கண்ணாடி கிடையாது. 2011 டிசம்பரில் தானே புயல் எடுத்துக்கொண்டு போனது, இன்னும் அட்டைதான் வைத்திருக்கிறோம். மேசையும் என் ஒருவனுக்கு மட்டும்தான்.